கத்திரி வைத்த வால்

வாழ்த்து அட்டை கொடுத்தே ஒரு முழு ஆபீஸையும் நடுங்க வைத்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்களோடு தொம்மலூரில், நான்காவது மாடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் கத்திரி. ஐ.டி. கார்டில் வேறு ஏதோ பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிலும் பார்ப்பார்.

எங்கள் கம்பெனி, அமெரிக்காவில் பல் டாக்டர்களிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுக்கும் மென்பொருளைத் தயாரிக்கிறது. நான் அதற்குக் கையேடு எழுதுகிறவன். அந்தக் கையேட்டை இதுவரை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. கத்திரி டெஸ்டர். அதாவது மற்றவர்கள் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். சம்பளம் இல்லாமலும் அதையே செய்வார்.

பக்கத்து அல்சூர்க்காரர். தாத்தா காலத்தில் இருந்தே அங்கேதான். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திரும்பி மறுபடி தமிழில் வந்து நிற்பார், வண்டி குலுங்காது. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கத்திரிக்கோலோடுதான் ஆபீஸுக்கு வருவார்.

ஆபீஸில் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் கல்யாணம், யார் ராஜினாமா என்றாலும் அட்டை கத்திரி கையால்தான். காகிதத்துக்கு அவென்யூ ரோடு வரைக்கும் போவார். மடிப்பை அழுத்த கேன்டீன் கரண்டியின் முதுகு. கை கால் அசைய சட்டைப் பொத்தான் தைக்கும் நூலில் ஒரு முடிச்சு. செல்போன் வந்த டப்பாவை யாராவது குப்பையில் போட்டால் அவர் முகம் வாடிப் போகும்.

இதுவரைக்கும் கேட்டால் நல்ல மனிதராகத்தானே தெரிகிறார் என்பீர்கள். விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

கத்திரி செய்யும் ஒவ்வொரு அட்டையிலும் ஓரமாக ஒரு காகிதப் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் வால். வாலை இழுத்தால் உள்ளே ஒரே ஒரு அசைவு நடக்கும். அந்த அசைவு, அட்டை யாருக்கோ அவர் வாழ்நாள் முழுவதும் தனக்கே தெரியாமல் செய்துகொண்டிருக்கும் காரியம். பூ, புறா, இதயம், மெழுகுவர்த்தி எதுவும் கிடையாது. ஒரு ஆள், ஒரு அசைவு, கீழே வாழ்த்துகள். அவ்வளவுதான்.

இதற்காக அவர் அளவெடுப்பார். டெய்லர் எடுப்பது போல நாடா எல்லாம் இல்லை. கேன்டீனில் உங்கள் எதிரில் வந்து தட்டை வைத்துக்கொண்டு உட்காருவார். அவ்வளவே. அடுத்த மாதம் பிறந்தநாள் வரப்போகிற ஆள் சாம்பார் சாதத்தைக்கூடக் கல்யாண போட்டோவுக்கு நிற்பது போல விறைப்பாகச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். பயனில்லை. நாம் விறைப்பதற்கு முன்பே அவர் பார்த்து முடித்திருப்பார்.

கணக்குப் பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவருடைய ஸ்வெட்டர் எந்நேரமும் நாற்காலியில் இருக்கும். அவர் எந்நேரமும் நாற்காலியில் இருக்கமாட்டார். ஸ்வெட்டரைப் பார்த்து, இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்று நம்பியே இரண்டு மேனேஜர்கள் மாற்றலாகிப் போனார்கள். கத்திரி அவருக்குச் செய்த அட்டையில் ஒரு நாற்காலி, அதன் மேல் கம்பளி நூலிலேயே பின்னிய குட்டி ஸ்வெட்டர். வாலை இழுத்தால் நாற்காலி சுற்றும். எவ்வளவு இழுத்தாலும் ஆள் வரமாட்டார்.

எச்.ஆர். ஷில்பாவுக்குக் கல்யாணம் வந்தது. லீவு கேட்டு யார் போனாலும் முகம் நிறையச் சிரித்துக்கொண்டே, இல்லை என்று தலையை ஆட்டுகிற பெண். அட்டையில் பட்டுப்புடவையில் ஷில்பா. வாலை இழுத்தால் சிரிப்பு அப்படியே இருக்கும், தலை மட்டும் இடமும் வலமும் போகும். மாப்பிள்ளை மேடையிலேயே அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, இதை நிச்சயதார்த்தத்துக்கே கொடுத்திருக்கலாமே என்று கேட்டாராம்.

கீழே கேட்டில் ஒரு செக்யூரிட்டி இருந்தார். காலையில் கத்திரியின் கத்திரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, குழந்தையை ஸ்கூலில் இருந்து அனுப்புவது போல, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார். சண்டை வேண்டாம் என்று கத்திரி அவருக்கும் ஒரு அட்டை செய்தார். வாலை இழுத்தால் செக்யூரிட்டியின் கை பைக்குள் போகும், தலை டீக்கடைப் பக்கம் திரும்பும். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். மறுநாளில் இருந்து பைக்குள் உண்மையாகவே பார்க்க ஆரம்பித்தார். கத்திரிக்கோலோடு பிளேடும் ஊசியும் பிடிபட்டன.

எனக்கும் வந்தது. ஐம்பதாவது பிறந்தநாள். என் அசைவு என்னவாக இருக்கும் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பலவிதமாக யோசித்திருந்தேன். எழுதுகிறவன் அல்லவா, தாடையில் கை வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போல ஏதாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. அட்டையைத் திறந்தேன். மீட்டிங் மேஜை முன்னால் நான். வாலை இழுத்தால் ஆள்காட்டி விரல் மேலே போனது, வாய் திறந்தது. விட்டால் வாய் மூடியது, விரல் இறங்கியது.

"இது என்ன கத்திரி?" என்றேன்.

"நீங்கதான் சார். பேசலாம்னு வாயத் தொறப்பீங்க. அப்புறம் வேணாம்னு மூடிக்குவீங்க. பதினோரு வருஷமா பாக்கறேன். அத்தினிதான்."

மறுத்துப் பேசலாம் என்று விரலைத் தூக்கினேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு துணிச்சல்காரருக்கு ஒரு பலவீனம் இருந்தது. அட்டையைக் கொடுப்பார், திறக்கும்போது பார்க்கமாட்டார். உறை கிழிபடும் சத்தம் கேட்டதும் பக்கத்தில் எந்த மேஜை இருக்கிறதோ அதன் கீழே குனிந்துவிடுவார். கேட்டால் ஷூ லேஸ் கட்டுகிறேன் என்பார். அவர் போட்டிருப்பது செருப்பு. நாங்கள் யாரும் அதை எடுத்துச் சொன்னதில்லை. எல்லாரும் சிரித்து முடித்து, முகங்கள் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் தலை மேலே வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆட்குறைப்பு என்ற சொல் லிஃப்டில் அடிபட ஆரம்பித்தது. எங்கள் வைஸ் பிரசிடென்ட்டுக்கு, நாங்கள் வி.பி. என்போம், சிங்கப்பூர் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு. போவதற்கு முன்னால் டெஸ்டிங் பிரிவில் யார் இருப்பது, யார் போவது என்று முடிவு செய்துவிட்டுப் போவார் என்றார்கள். டெஸ்டிங் வேலையை இப்போதெல்லாம் மெஷினே செய்கிறது. கத்திரியோ ஒவ்வொரு பட்டனையும் தன் விரலால் அமுக்கிப் பார்த்தால்தான் நம்புகிற ஆள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்த வேலை போனால் இந்த ஊரில் இன்னொரு கம்பெனி அவரை இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடாது என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த வி.பி.க்குத்தான் வழியனுப்பு விழா. அட்டை யார் செய்வது என்று கேட்கவே வேண்டியதில்லை. இதில் என் கவலை என்னவென்றால், வி.பி.யின் அசைவு எது என்று கண்டுபிடிக்கக் கத்திரி தேவையில்லை. எங்கள் பிளாட் வாட்ச்மேனைக் கேட்டால்கூடச் சொல்வார். யார் என்ன பேச ஆரம்பித்தாலும் வி.பி. கையைத் தூக்கி வாட்ச்சைப் பார்ப்பார். ஒருவர் தன் மாமனார் இறந்த செய்தியைச் சொன்னபோதுகூடப் பார்த்தார்.

ஷில்பா என்னைத் தூது அனுப்பினாள். தொம்மலூர் டீக்கடையில் கத்திரியைப் பிடித்தேன்.

"இவருக்கு மட்டும் வால் வேண்டாமே கத்திரி. ஒரு கடல், ஒரு படகு, ஒரு சூரியன். போதும்."

"படகுலயா சார் போறாரு? ஃப்ளைட்லதான போறாரு."

"சரி, ஃப்ளைட் போடுங்க."

"ஃப்ளைட்ட யாருக்கு வேணா போடலாம். அது அவரு கார்டு இல்ல சார், ஃப்ளைட்டு கார்டு."

"வேலை போயிடும். விளையாடாதீங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பயம் இல்லாமல் இல்லை. ஆறிப் போன பிறகும் ஆற்றினார்.

"எனக்கும் தெரியும் சார். நேத்து ஒரு படகு செஞ்சும் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அத யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியல."

அட்டை வந்தது. ஷில்பா முதலில் என்னை முறைத்தாள். அப்புறம் வாலை இழுத்தாள். வி.பி.யின் கை முழங்கையில் மடங்கி மேலே வந்து, வாட்ச் கண்ணுக்கு நேராக நின்றது. கண்மணிகள் கீழே பார்த்தன. வாட்ச்சில் முள்கூட இருந்தது.

"ஏனு சார் இது? பேடா, கொடுக்கவே வேண்டாம்" என்று கன்னடத்தையும் கலந்து பதறினாள் ஷில்பா. சொல்லிவிட்டு இன்னொரு தரம் இழுத்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தரம் இழுத்தாள்.

மறுநாள் விழா. வேறு அட்டைக்கு நேரமில்லை. நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு நான்கு பக்கமும் ஒட்டிக் கொடுத்துவிடுவது. அவர் பிரித்துப் பார்க்கும்போது விமானத்தில் இருப்பார். அங்கிருந்து குதித்து வந்து யாரையும் வேலையை விட்டு எடுக்க முடியாது.

கையெழுத்துக்காக அட்டை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் மறைந்து மாடி முழுவதும் சுற்றியது. இங்கேதான் தவறு நடந்தது. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாலை இழுத்தார்கள். போட்ட பிறகும் இழுத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு இழுத்துக் காட்டினார்கள். எத்தனையோ வருஷமாக அந்த வாட்ச்சின் முன்னால் பேச்சைப் பாதியில் விழுங்கியவர்கள் எல்லாரும் ஆசைதீர இழுத்தார்கள். மூன்றாவது மாடிக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டியவர்களே இல்லை. அவர்களும் ஏறி வந்து இழுத்துவிட்டுப் போனார்கள். நான் எத்தனை தரம் இழுத்தேன் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

மறுநாள் கேன்டீனில் விழா. கேக், சமோசா, வெள்ளைத் துணி போர்த்திய நீள மேஜை. ஷில்பா உறையைக் கொடுத்தாள். வி.பி. அதை அப்படியே பையில் வைப்பார் என்று நாங்கள் கை தட்டத் தயாராக இருந்தோம். அவர் கேக் வெட்டிய கத்தியை எடுத்தார். உறையைக் கிழித்தார்.

கத்திரி சமோசா மேஜைக்குக் கீழே போய்விட்டார். நாங்கள் போக முடியவில்லை. இடம் போதாது.

வி.பி. வாலை இழுத்தார்.

அத்தனை பேர் இழுத்து இழுத்து, கையை வாட்ச் உயரத்தில் நிறுத்தி வைக்கும் குட்டித் தடுப்பு கிழிந்துபோயிருந்தது எங்களுக்குத் தெரியாது. கை மேலே வந்தது. வாட்ச் உயரத்தைத் தாண்டியது. மோவாயைத் தாண்டியது. நேராக நெற்றிக்குப் போய் நின்றது. அட்டையில் வி.பி. எங்கள் எல்லாருக்கும் சலாம் வைத்துக்கொண்டிருந்தார்.

வி.பி. எங்கள் பக்கம் திரும்பினார். தன்னை இவ்வளவு பணிவான மனிதராக நாங்கள் நினைத்திருந்தது தெரியாமல் போய்விட்டதே என்றார். இதைச் செய்த கைகளைத் தான் மறக்கவே போவதில்லை என்றார். மறக்கவே போவதில்லை என்பதற்கு அந்த வாரத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. ஷில்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குலதெய்வத்துக்கு மனதுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டேன். கத்திரியின் வேலை பிழைத்தது.

அப்போது வெள்ளைத் துணி விலகியது. முழங்காலில் சமோசாத் தூளோடு கத்திரி வெளியே வந்தார்.

"ஸாரி சார். அது சலாம் இல்ல" என்றார்.

முழங்காலில் இருந்த தூளைத் தட்டிவிட்டு வி.பி.யின் பக்கம் வந்தார்.

"நான் செஞ்சது ஒண்ணு, அது செய்யறது ஒண்ணு. டெஸ்ட் பண்ணாம குடுத்துட்டாங்க. ஒன் நிமிஷம் குடுங்க சார்."

இந்த இடத்தில் நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். விரலைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். என் பிறந்தநாள் அட்டையில் இருக்கிறது.

கத்திரி வி.பி.யின் கையில் இருந்து அட்டையை வாங்கினார். தன் ஐ.டி. கார்டின் உறையில் இருந்து கேக் கத்தியால் ஒரு துண்டை வெட்டினார். நுழைத்தார். கரண்டி முதுகால் அழுத்தினார். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தரம் மேஜைக்குக் கீழே போகவும் மறந்துவிட்டார்.

வி.பி. இழுத்தார். கை எழுந்தது. வாட்ச் முன்னால் நின்றது. கண் கீழே பார்த்தது.

வி.பி. அட்டையைப் பார்த்தார். கத்திரியைப் பார்த்தார். கையைத் தூக்கி வாட்ச்சைப் பார்த்தார்.

முதலில் சிரித்தது ஷில்பா. அடக்கப் பார்த்தும் அது மூக்கு வழியாக வந்தது. அதற்குப் பிறகு கேன்டீனில் ஒருவர் முகத்திலும் ஒழுங்கு இல்லை. கேக் பக்கத்தில் நின்றவர் கேக் மேலேயே சாய்ந்தார். வி.பி. மட்டும், அவர் கை ஏன் அங்கே இருக்கிறது என்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். லிஃப்ட் வரும் வரை, கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

டெஸ்டிங் பிரிவில் பாதிப் பேர் போனார்கள். கத்திரியும் அதில் ஒருவர். அந்த முடிவு அட்டைக்கு முன்பே எடுக்கப்பட்டது என்று ஷில்பா சத்தியம் செய்தாள். சலாமை சலாமாகவே விட்டிருந்தால் கடைசி நிமிஷத்தில் தப்பித்திருப்பீர்களோ என்று கத்திரியையே கேட்டேன்.

"அத டெஸ்ட் பண்ண முடியாது சார்" என்றார்.

இப்போது எங்களுக்கு ஒரு சிக்கல். கத்திரிக்கு வழியனுப்பு விழா. அட்டை செய்ய கத்திரி இல்லை. கடையில் வாங்கிக் கொடுத்தால் அதைவிடக் கேவலம் கிடையாது. நாங்களே செய்தோம். ஷில்பா வெட்டினாள். நான் மேஜை வரைந்தேன்; கட்டில் போல வந்தது. கத்திரிக்கு என்ன அசைவு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வாலை இழுத்தால் அவர் மேஜைக்குக் கீழே போய்விட வேண்டும். முடிச்சுப் போடத் தெரியாததால் பசையை நம்பினோம். ஒரு டப்பா முழுவதும் நம்பினோம்.

கேன்டீனில் இந்த இடைவெளியில் நிர்வாகம் ஒரு சீர்திருத்தம் செய்திருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டால் ஆட்கள் எழுந்திருப்பதில்லை என்று மேஜைகளை எடுத்துவிட்டு, நின்றுகொண்டே சாப்பிடும் ஒற்றைக்கால் மேஜைகளைப் போட்டிருந்தார்கள். உறையைத் தானே கிழித்தும், சத்தம் கேட்டதும் கத்திரி பழக்கத்தில் குனிந்தார். ஒளிய ஒரு கம்பிதான் இருந்தது. மெதுவாக நிமிர்ந்தார்.

வாலை இழுத்தார். அட்டையில் இருந்த கத்திரி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். மேஜைதான் கொஞ்சம் வளைந்தது; ஆள் அங்கேயே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்திரி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்பக்கம் திருப்பி, பசை வழிந்த இடத்தை நகத்தால் தடவினார்.

"வேலை செய்யல சார்" என்றார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போவதற்கு இடம் இல்லாமல் நின்றார்.

விரலைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன்.

"அது அப்படித்தான் கத்திரி. கீழ போகக் கூடாதுன்னுதான் ஒட்டினோம்" என்றேன்.

முழுப் பொய். பதினோரு வருஷம் குறை கண்டுபிடித்தே சாப்பிட்டவரிடம் இப்படி ஒரு பொய் எடுபடாது. அவர் அட்டையைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார்.

"சார், பேசிட்டீங்க."

"ஆமாம்."

"அப்ப உங்க கார்டு தப்பாயிடுச்சு. குடுங்க சார், சரி பண்ணித் தரேன்."

இப்போது அவர் பொம்மசந்திராவில் ஒரு பம்ப் ஃபேக்டரியில், தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கும் வேலையில் இருக்கிறார். சம்பளம் குறைவு. அங்கே ஒரு ஃபோர்மேன் ரொம்ப விறைப்பாகச் சாப்பிடுகிறாராம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுப் பக்கம் வருவார். வர முடியாவிட்டால் போன் செய்வார். மற்ற பேச்செல்லாம் முடிந்ததும் கடைசியில் கேட்பார்: "அந்தக் கார்டு சார்?"

தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வேன். அட்டை டி.வி.க்குப் பின்னாலேயே ஒளிந்து நின்று, வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்க்கும். அதைக் கொடுத்துவிட்டால் ஒரே வாரத்தில் சரி செய்துவிடுவார். அப்புறம் எதற்கு வருவார்?